கண்ணாடிக்குக் கீழே நாலு விரல்

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது நிவேதா போன் செய்தாள். நான் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலையில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அவள். கெட்டிக்காரி. ஆனால் எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். அந்தப் பழக்கம் அவளுக்கு யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அவர் பின்னால் வருவார்.

"அக்கா, ஒரு டவுட்டு. ஆயுத பூஜை எஸ்.ஓ.பி.ல சந்தனம் எங்க வெக்கணும்னு போட்ருக்கு பாருங்க. 'இடது ஓரம், பார்வைக் கண்ணாடிக்குக் கீழே நாலு விரல்'னு. ஏன்க்கா அங்க? எல்லாரும் நடுவுலதானே வெப்பாங்க? இப்ப செல் வளக்கற ஸ்டீல் தொட்டிய எடுத்துட்டு ப்ளாஸ்டிக் பை போட்டுட்டாங்க. அதுல கண்ணாடியே இல்ல. எங்க வெக்கறது?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்த சிரிப்பில் கிரைண்டரை நிறுத்த மறந்து உளுந்து சூடேறிப் போயிற்று. "இன்னாக்கா சிரிக்கிறீங்க, நான் சீரியஸா கேக்கறேன்" என்று அந்தப் பக்கம் கோபம் வேறு.

சந்தனப் பொட்டு வைப்பதற்கு எஸ்.ஓ.பி. என்று எழுத்தில் செய்முறை வைத்திருக்கிற மருந்துக் கம்பெனி வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் இருக்கிறது. அதற்கு எண் உண்டு, செய்தவர் கையெழுத்து உண்டு, சரிபார்த்தவர் கையெழுத்து உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த ஆடிட்டர் ஒருவர் அதைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். அது பிறந்ததற்கு நான்தான் காரணம். "போன்ல சொல்ற கதை இல்லடி, எழுதியே குடுக்கறேன்" என்றேன்.

நான் கஸ்தூரி. வடக்குப்பட்டில் பிறந்து படப்பையில் குடியேறியவள். காஞ்சிபுரத்தில் தாவரவியல் படித்துவிட்டு, குளுக்கோஸ் பாட்டில் செய்யும் கம்பெனியில் பல வருஷம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கித் தூசி தேடினேன். அந்தக் கண்ணைத்தான் ஒரகடத்துக்காரர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். இன்றைக்கும் ஓட்டலில் தண்ணீர் டம்ளர் வந்தால் என் கை தானாக அதை லைட்டுக்கு நேரே தூக்கும். கூட வந்தவர்களுக்கு மானம் போகும்.

அங்கே நாங்கள் செய்தது ஆன்டிபாடி. கைக்குழந்தைகளின் மூச்சை அடைக்கிற ஒரு வைரஸ் இருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் இரண்டு நாள் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வந்தால் நெஞ்சில் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். அந்த வைரஸ் நுரையீரலுக்குள் நுழையுமுன் கவட்டைக்குச்சி மாதிரி ஒரு புரதம் போய் அதைக் கவ்விக்கொண்டால் அது உள்ளே போக முடியாது. நம் உடம்புக்கு அந்தக் கவட்டையைச் செய்யத் தெரியும். பிறந்து சில நாளேயான குழந்தைக்குத் தெரியாது. அதனால் நாங்கள் செய்து ஊசியில் கொடுக்கிறோம். நாங்கள் என்றால் நாங்களா? செய்வது செல்கள். சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எப்போதோ எடுத்து வளர்த்த வம்சம். இதை வீட்டில் சொன்ன அன்று என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எலி வெச்சிகினா மருந்து பண்றீங்க? நம்ம ஊர்ல இன்னா எலிக்குப் பஞ்சமா, சைனாவுலேந்து கொண்டாரணுமா?"

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் உடை மாட்டக் கற்றுக்கொண்டேன், ஆறு மாதம் கை கழுவக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் மட்டும் மறக்காது. முதல் வாரம், எங்களை எல்லாம் உட்கார வைத்து ஒரு வீடியோ போட்டார்கள். சத்தம் கிடையாது. கையளவு குழந்தை ஒன்று மூச்சு விடுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது, எழுகிறது, விழுகிறது. ஒரு நிமிஷம்தான். அன்று மதியம் கேன்டீனில் சாம்பார் வாளி வந்தபடியே திரும்பிப் போயிற்று.

அந்த வீடியோவைப் போட்டவர் எஸ்தர் மேடம். தரக் கட்டுப்பாட்டுக்குத் தலைவர், பாளையங்கோட்டைக்காரர். ஒல்லியாக, இஸ்திரி கலையாத காட்டன் புடவையில் இருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பழைய கம்பெனியில் அதிகாரி கத்துவார், நாங்கள் தலையைக் குனிவோம், கதை முடிந்துவிடும். இவரிடம் அது நடக்காது. தப்பு நடந்தால் நாற்காலியைக் காட்டுவார். நீலப் பேனாவை நீட்டுவார். "எழுதுங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு ஏசி அறையில் ஆறடி ஆள்கள் வேர்த்து ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் ஏன் என்பார். பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கு ஏன் என்பார். இப்படி ஐந்து ஏன். ஐந்தாவது ஏனுக்குப் போகும்போது நாம் கல்யாணம் செய்துகொண்டதே தப்போ என்று தோன்றும்.

பிழை திருத்துவதற்கும் அவரிடம் ஒரு முறை உண்டு. கிறுக்கக் கூடாது, வெள்ளை மை கூடாது, தாளைக் கிழிக்கக் கூடவே கூடாது. தப்பாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி. அதற்கும் பக்கத்தில் ஏன் அடித்தோம் என்ற காரணம். புதிதில் நான் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் பதற்றத்தில் கரி பூசியதுபோல் கிறுக்கிவிட்டேன். மேடம் அந்தத் தாளை லைட்டுக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க தப்பா எழுதுனதும் எனக்கு வேணும் கஸ்தூரி. அத எதுக்கு ஒளிக்கிய?"

அதற்கப்புறம் அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒரு முறை எங்கள் மளிகைக் கடைக்காரர் நான் கொடுத்த சாமான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். துவரம் பருப்பின் மேல் ஒரு கோடு, என் கையெழுத்து, தேதி. காரணம்: வீட்டில் இருக்கிறது.

இனி அந்த அறைக்கு வருவோம். செல் வளர்க்கும் அறைக்குள் போக மூன்று உடை மாற்றும் அறைகளைத் தாண்ட வேண்டும். முதல் அறையில் வளையல், பூ, பவுடர், பொட்டு எல்லாம் போய்விடும். அங்கே ஒரு கண்ணாடி இருந்தது. அந்தக் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டு. உள்ளே போகிற பெண்கள் நெற்றியிலிருந்து எடுத்து அதில் ஒட்டிவிட்டுப் போவோம், வெளியே வந்ததும் அவரவர் பொட்டை எடுத்து ஒட்டிக்கொள்வோம். இருபது பொட்டு இருந்தாலும் யாருடையது எது என்று குழப்பமே வந்ததில்லை. என்னுடையது மேல் வலது மூலையில் மெரூன் கலர். இரண்டாம் அறையில் கை கழுவி உள் கையுறை, தலைமூடி. மூன்றாம் அறையில் கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே வெள்ளை அங்கி, அதன் மேல் வெளிக் கையுறை. கண் மட்டும்தான் வெளியே. நடையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம்.

உள்ளே எங்கள் தொட்டி. ஆயிரம் லிட்டர் ஸ்டீல் தொட்டி, அதற்குள் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு திரவம், அதற்குள் கோடிக்கணக்கில் எங்கள் பிள்ளைகள். பதினான்கு நாள் இரவும் பகலும் கவட்டை செய்துகொண்டே இருப்பார்கள். சூடு முப்பத்தேழு டிகிரி. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. சூடு வெளியே போகாமலிருக்கத் தொட்டியைச் சுற்றி உறை போட்டிருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் உறை கிடையாது. கீழே இடது ஓரத்தில், உள்ளே பார்ப்பதற்கு வைத்த வட்டக் கண்ணாடிக்குக் கீழே, மாதிரி எடுக்கிற குழாய்க்குப் பக்கத்தில். ஒவ்வொரு ஷிஃப்டிலும் நான் அங்கே மண்டி போட்டு மாதிரி எடுப்பேன். எடுக்கும்போது இடது கை அந்த இடத்தில் தானாகப் பதியும். இரண்டு கையுறையைத் தாண்டியும் இளஞ்சூடு தெரியும். காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று மனசு சொல்லும். கம்ப்யூட்டர் திரையிலும் அதே முப்பத்தேழுதான் இருக்கும். இருந்தாலும் கையால் தொட்டுப் பார்ப்பது வேறு.

நான் சொல்லப் போகிற வருஷம், முதன்முறையாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிற மருந்து அந்தத் தொட்டியில் வளர்ந்துகொண்டிருந்தது. பனிக்காலம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் அந்த வைரஸ் சுற்றும். இந்தத் தொட்டி போனால் அடுத்தது வளர்ந்து வருவதற்குள் பனி போய்விடும். ஒரு வருஷம் போச்சு. ஆயுத பூஜை அன்று தொட்டிக்கு ஆறாம் நாள்.

அன்று தொழிற்சாலையே ஜேஜே என்று இருந்தது. பாய்லர் வீட்டில்தான் பூஜை. பாய்லர் ஆபரேட்டர் டில்லிபாபுதான் எங்களுக்கு அர்ச்சகர், மேளக்காரர், பொரி வினியோகம் எல்லாம். வாலாஜாபாத்துக்காரன், வாயைத் திறந்தால் மூடமாட்டான். பாய்லருக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம் வைத்தான். போர்க்லிஃப்டுக்கு வைத்தான். கேன்டீன் கிரைண்டருக்கு, கேட்டுக்கு, லேபிள் ஒட்டுகிற மிஷினுக்கு, கடைசியில் ஆபீஸ் ஸ்டேப்ளருக்குக்கூட ஒரு பொட்டு வைத்து மாலை போட்டான். எல்லாரும் கைதட்டினோம். பொரியை மென்றுகொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று தொட்டி நினைவு வந்தது. ஸ்டேப்ளருக்கே பொட்டு. உள்ளே ஆறு நாளாக லீவு இல்லாமல் வேலை செய்கிறவனுக்கு ஒன்றும் இல்லை.

செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். சந்தனத்தைத் தொண்டைக் குழியில் கொஞ்சம் இட்டுக்கொண்டேன். முதல் அறையில் பொட்டை எடுத்தேன், இதைத் துடைக்கவில்லை. இரண்டாம் அறையில் உள் கையுறை போட்டதும் ஆள்காட்டி விரலால் தொண்டைக் குழியைத் தொட்டேன். அப்புறம் அங்கி, அதற்கு மேல் வெளிக் கையுறை. சந்தனம் இரண்டு கையுறைக்கு நடுவே பத்திரமாக உள்ளே வந்துவிட்டது. தொட்டிக்கு முன்னால் மண்டி போட்டேன், வெளிக் கையுறையைக் கழற்றினேன், அந்தச் சூடான இடத்தில் கடுகளவு ஒரு பொட்டு. புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். திருட்டு மாங்காய் தின்ற பிள்ளை மாதிரி அன்று முழுக்க எனக்குள் ஒரே குதூகலம். முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே இருந்தேன், யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை அறையைத் துடைத்தபோது பொட்டும் போய்விட்டது. ஆனால் துடைப்பதற்கு முன் ஆய்வுக்கூடத்துப் பெண் வந்து, வழக்கமாக எடுக்கிற மாதிரிகளில் ஒன்றை அந்த இடத்தில் ஒற்றி எடுத்திருக்கிறாள். ஐந்து நாள் கழித்து அந்தத் தட்டில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்திருந்தது.

க்ளீன் ரூமில் பூஞ்சை என்றால் சாதாரணமில்லை. காற்று வடிகட்டி ஓட்டையா, சுவரில் கசிவா, தண்ணீரா? காரணம் தெரிந்தால் அதற்கு ஒரு வழி பார்க்கலாம். காரணம் தெரியாத பூஞ்சை இருக்கிற அறையில் வளர்ந்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. காலையிலிருந்து எஸ்தர் மேடத்தின் ஆட்கள் கூரையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மதியம் இன்டர்காம் அடித்தது. டில்லிபாபு.

"யக்கா, நாலு மணிக்கு கில் டேங்குக்கு ஸ்டீம் ரெடியா வெக்கச் சொல்லிட்டாங்க. இன்னாக்கா, நம்ம தொட்டியா? அதுலதான் அல்லாத்தையும் ஊத்தி வேக வெப்பாங்க? சொல்லுக்கா."

அந்த வீடியோக் குழந்தையின் விலா எலும்புதான் கண் முன்னால் ஏறி இறங்கியது. சொன்னால் உள்ளே போக விடுகிற என் கார்டு போகும். வேண்டுமென்றே செய்த தப்புக்கு வேலையே போகும். வேறு வேலை கிடைக்காமல் போகாது, ஆனால் அந்த அறை எனக்கு எங்கே கிடைக்கும்? நான் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. அங்கேயே அழுதேன். முகமூடிக்குள் அழுதால் மூக்கைத் துடைக்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பாஸ்கர், நான் வெளிய போறேன். பொட்டு வெச்சது நான்தான், மேடம்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன். பாஸ்கர் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ், என்னைவிடப் பத்து வயசு சின்னவன். அவன் வாயைத் திறப்பதற்குள் ஓடிவிட்டேன். அங்கியைக் கழற்றி எறிந்த அவசரத்தில் கண்ணாடியிலிருந்து பொட்டை எடுக்கவும் மறந்துவிட்டேன்.

மேடத்தின் அறைக் கடிகாரத்தில் மூன்று மணி.

"மேடம், அந்தப் பூஞ்சை காத்துலேந்து வரல. சுவத்துலேந்தும் வரல. எங்கிட்டேருந்து வந்துது. தொட்டிக்கு சந்தனம் வெச்சேன்."

அவர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார். மேசையில் இருந்த ஒரு தாளைக் கவிழ்த்து வைத்தார். நாற்காலியைக் காட்டினார். நீலப் பேனாவை நீட்டினார்.

"எழுதுங்க."

நாலு வரி எழுதியிருப்பேன், கதவு திறந்தது. பாஸ்கர். மூச்சு வாங்க நின்றான்.

"மேடம், அது நான் வெச்சது. அக்கா எனக்காகப் பழி ஏத்துக்கறாங்க."

மேடம் இன்னொரு நாற்காலியைக் காட்டினார், இன்னொரு பேனாவை எடுத்தார். அவன் உட்காருவதற்குள் மறுபடி கதவு. கை முழுக்க கிரீஸோடு டில்லிபாபு. ஓடி வருவதற்கு முன் பாஸ்கர் இன்டர்காமில் அவனிடமும் சொல்லியிருக்கிறான்.

"மேடம், இவங்க ரெண்டு பேரும் சும்மா சொல்றாங்க. வெச்சது நானு. அன்னிக்கு அல்லாத்துக்கும் நான்தானே வெச்சேன், இதுக்கும் நான்தான்."

"டில்லிபாபு, அந்த ரூமுக்குப் போக ஒங்களுக்குக் கார்டு உண்டா?"

"இல்ல மேடம்."

"பின்ன எப்படி உள்ள போனிய?"

டில்லிபாபு யோசித்தான். "ஜன்னல் வழியா மேடம்."

"அது தெறக்குத சன்னல் இல்லயே."

"அப்ப கதவு வழியாதான் போயிருப்பேன் மேடம். கரெக்டா நெனப்பு இல்ல."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேடம் சிரிக்கவில்லை. பீரோவிலிருந்து தொட்டியின் போட்டோ ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"பொட்டு ஒண்ணு, ஆளு மூணு. எனக்கு ஒரு ஆளுதான் வேணும். எங்க வச்சீங்கன்னு தொட்டுக் காட்டுங்க."

பாஸ்கர் நடுவில், கண் உயரத்தில் விரலை வைத்தான். டில்லிபாபு போட்டோவைத் தலைகீழாகப் பிடித்து உச்சியைத் தொட்டான். "அது மோட்டாரு" என்றார் மேடம். "மோட்டாருக்குத்தானே மேடம் வெப்பாங்க" என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். நான் இடது ஓரத்தில், கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். மேடம் ஆய்வுக்கூடத்துத் தாளைப் பிரித்து இடத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போய் வேலயப் பாருங்க. பொய் வாக்குமூலத்துக்குத் தனி ஃபாரம் உண்டு. இன்னைக்கு எங்கிட்ட ஸ்டாக் இல்ல" என்றார். அவர் ஜோக் அடித்தது எங்கள் மூவருக்கும் உறைக்கவே அரை நிமிஷம் ஆனது.

அவர்கள் போனதும் ஆரம்பித்தார். "ஏன் வச்சிய?"

"ஆயுத பூஜை மேடம்."

"வெளியத்தான் வச்சாச்சே. ஏன் உள்ள?"

"வெளிய ஸ்டேப்ளருக்குக் கூட வெச்சாங்க மேடம். இதுக்கு மட்டும் வெக்கல."

"இதுக்கு ஏன் வைக்கணும்?"

"அதுவும் வேலை செய்யுது மேடம். அன்னிக்கு நாமெல்லாம் பொரி தின்னுகினு உக்காந்திருந்தோம். அது உக்காரல."

"ஏன் அந்த எடம்?"

"அங்கதான் மேடம் சூடு தெரியும்."

ஐந்தாவது ஏன் வந்தது. "என்ட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

மேடம் எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் எழுதினார். மூல காரணம் என்ற கட்டத்தில் என் பேர் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. 'இயந்திரத்துக்கு மரியாதை செய்ய ஊழியர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வழி எதுவும் நாம் ஏற்படுத்தித் தரவில்லை' என்று எழுதியிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அம்மா எழுதியது இது. அப்புறம் என் கார்டை வாங்கி மேசை டிராயரில் போட்டார். மூன்று மாதம் கண்ணாடிச் சாமான் கழுவும் பகுதி. வேலை போகவில்லை. டில்லிபாபுவுக்கு அவரே போன் செய்து ஸ்டீம் வேண்டாம் என்றார். பாய்லர் வீட்டிலிருந்து விசில் சத்தம் எங்கள் கட்டடம் வரை கேட்டது.

பாய்லர் வீட்டுக் கிண்ணத்தில் காய்ந்து கிடந்த சந்தனத்தைச் சுரண்டி வளர்த்துப் பார்த்தார்கள். அதே பூஞ்சை. அறையின் மற்ற மாதிரிகள் எல்லாம் சுத்தம். தொட்டி இறுக மூடியே இருந்தது, பொட்டு வெளிப்பக்கம். உள்ளே இருந்து எடுத்ததையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள், ஒரு முறைக்கு மூன்று முறை. எனக்கு ஒவ்வொரு நாளும் பரீட்சை ரிசல்ட் மாதிரி. கழுவும் பகுதிக்கும் செல் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி நடைபாதை உண்டு. ஷிஃப்ட் முடிந்து வரும் பாஸ்கர் அங்கே நின்று, நூற்றுக்கு எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று விரலால் காட்டுவான். ஒன்பது விரல், அப்புறம் இரண்டு. நான் குடுவையும் கையுமாகக் குதிப்பேன்.

தையில் ஒரு காலை எஸ்தர் மேடம் கழுவும் பகுதிக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே கிடையாது. எல்லாரும் எழுந்து நின்றோம்.

"கஸ்தூரி, வண்டி கேட்டத் தாண்டிட்டு."

குளிர்பெட்டி வண்டி. எங்கள் தொட்டி மருந்து. மேடத்தைக் கட்டிப் பிடிக்க முடியாதே, கையில் இருந்த ஐந்து லிட்டர் குடுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். "அதக் கீழ வச்சிட்டு அழுங்க, ஒடைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார்டு திரும்பக் கிடைத்த அன்று முதல் அறைக்குள் போனேன். கண்ணாடியில் மேல் வலது மூலையில் என் மெரூன் பொட்டு அப்படியே ஒட்டியிருந்தது. மூன்று மாதம் யாரும் அதை எடுக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்பே எஸ்.ஓ.பி. வந்துவிட்டது. உள்ளே எதுவும் கொண்டுபோகக் கூடாது. வெளி நடைபாதையில் தொட்டியின் ஆளுயரப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டி, அதற்குச் சந்தனம் வைக்கலாம். இடம்: இடது ஓரம், பார்வைக் கண்ணாடிக்குக் கீழே நாலு விரல். அந்த முதல் மருந்து குழந்தைகளிடம் போய் நன்றாக வேலை செய்தது. இன்றைக்கு அங்கே தொட்டி மேல் தொட்டியாக மருந்து போகிறது.

ஆக, நிவேதாவின் கேள்விக்கு வருகிறேன். நான் எழுதி முடிப்பதற்குள் பூஜையே வந்து போய்விட்டது, அவளும் அங்கே இருந்தாள், அவளுக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் மேடத்துக்குக் கணக்கில் சேரும்.

இந்த ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கழுத்தில் விருந்தாளி அட்டை, உள்ளே போக அனுமதி இல்லை. நிவேதா அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள், நான் நடைபாதைக் கண்ணாடிக்கு வெளியே. புதுப் பையைத் தாங்குகிற ஸ்டீல் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து கையை வைத்து வைத்துப் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றாள். பின்பக்கம், வலது கீழே, சின்ன இடைவெளி. அங்கியோடு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சூடு தெரிகிறதாம். எனக்கு இங்கே உள்ளங்கை கூசியது.

பின்பக்கத்தைக் காட்டுகிற புதுப் போட்டோவில் அந்த இடத்தில் நான் மண்டி போட்டுச் சந்தனம் வைத்தேன். சரிபார்த்தவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி. அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிற எஸ்தர் மேடம் காட்டன் புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் மண்டி போட்டார். பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு இடது முட்டி, அவருக்கு இரண்டும். நான் சிரிக்க, அவர் சிரிக்க, அவர் சிரிப்பதைப் பார்த்து நடைபாதையே சிரிக்க, டில்லிபாபுதான் ஓடி வந்து, "இன்னா மேடம், இதுக்கு எஸ்.ஓ.பி. இல்லயா?" என்று இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

எஸ்.ஓ.பி. மாற்றத்துக்காகப் பழைய கோப்பை மேடம் கையில் வைத்திருந்தார். "ஒரு தாளு காட்டணும்" என்றார். அதைப் பார்ப்பதற்கு முதலில் ஒரு ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார், விருந்தாளி என்பதற்காக விடவில்லை. அப்புறம் திறந்தார். தொட்டியை அழிப்பதற்கான உத்தரவு. அன்றைய தேதி. கீழே அவர் கையெழுத்து. நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே அவர் கையெழுத்துப் போட்டு முடித்திருக்கிறார். நான் உள்ளே வந்தபோது அவர் கவிழ்த்து வைத்த தாள்.

அந்தக் கையெழுத்தின் மேல் நீல மையில் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது நன்றாகப் படிக்க முடிந்தது. பக்கத்தில் இன்னொரு கையெழுத்து, தேதி, மூன்றே முக்கால் மணி. தாள் முழுக்க இங்கிலீஷ். காரணம் எழுதும் இடத்தில் மட்டும், சின்னதாக, தமிழில் இரண்டே வார்த்தை:

கஸ்தூரி வந்தாச்சு.